நடையா, சாப்பாடா: எதை முதலில் மாற்றுவது?

வேலைக்குப் போகிறவர்கள் பலர் கேட்கிறார்கள்: இதயத்துக்காக இப்போதைக்கு ஒன்றைத்தான் தொடங்க முடியும், எது?

நேரம்
நடை: வாரம் 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.
சாப்பாடு: தனி நேரம் வேண்டாம், ஆனால் காலையில் டிபன் பாக்ஸ் கட்டியாக வேண்டும்.

செலவு
நடை: நல்ல செருப்பு போதும்.
சாப்பாடு: கடை வடை, பரோட்டாவை விட்டால் பணம் மிச்சம்தான்.

பலன்
நடை: லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெரமி மாரிஸ் குழு 1953-இல் வெளியிட்ட ஆய்வு என்னை இன்றும் யோசிக்க வைக்கிறது. மாடிப் பேருந்தில் நாள் முழுக்கப் படியேறிய நடத்துநர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டியவர்களுக்கு மாரடைப்பு அதிகம். ஓட்டுநர்களின் இடுப்பளவும் பெரிது என்று பின்னர் சீருடை அளவுகளே காட்டின. ஆகவே எல்லாமே படிக்கட்டின் வேலை என்று சொல்லிவிட முடியாது.
சாப்பாடு: உப்பைக் குறைத்தால் ரத்த அழுத்தம் இறங்கும். நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், மிக்சரும் இந்தக் கணக்கில் சேரும்.

சரி, யாருக்கு எது? நாற்காலியிலோ ஸ்டீயரிங் முன்போ உட்கார்ந்திருப்பவர் நடையைத் தொடங்கட்டும். மூட்டை தூக்குபவர், கட்டட வேலை செய்பவர் தட்டை மாற்றட்டும். பிரஷர் இருந்தால் உப்புதான் முதலில். நடக்கும்போது நெஞ்சு அழுத்தினால் உடனே நின்று மருத்துவரிடம் போங்கள்.