‘கோப்பைத் திறக்க முடியவில்லை’: கம்பத்துக்கும் அணக்கரைக்கும் நடுவே ஒரு போன்

இந்த மாடலில் ராம் எவ்வளவு, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதெல்லாம் வாங்க நினைக்கிறவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். வெளிவந்த புதிதில் வாங்கி, சில வருஷம் மலைக்கும் கீழுக்குமாக அலைந்து, சமீபத்தில் பேட்டரி மாற்றிய கையோடு எழுதுகிறேன். எனக்கு இதன்மேல் தீராத கோபம் ஒன்றே ஒன்றுதான். ‘கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்று கேலரி காட்டுகிற அந்த ஒற்றை வரி.

நல்லதை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். வீடு கம்பத்தில். ஏலத்தோட்டம் மேலே, கேரளத்து அணக்கரைப் பக்கம். காலையில் ஆட்கள் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறிப் போவார்கள், நான் பின்னாலேயே பைக்கில். கீழே சட்டை நனைகிற வெயில், மேலே போனால் சாரல், மூடுபனி. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் மாதக்கணக்கில் எதுவும் காயாது. இத்தனையிலும் இந்தப் போன் ஈரத்தால் ஒருநாளும் படுத்ததில்லை. கேரளத்து டவரும் தமிழ்நாட்டு டவரும் மாறி மாறி இழுக்கிற அந்த வளைவுகளில்கூடப் பேச்சு அறுவது குறைவு.

கேமராவைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ஏலக்காய்க்குப் பச்சை நிறம்தான் விலை. ஸ்டோரில், அதாவது உலர்த்தும் கூடத்தில், காயவைத்து எடுத்த காயைத் தட்டில் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்தால், கண்ணில் தெரிகிற பச்சை அப்படியே வரும். முன்பு வைத்திருந்த போன் எல்லாக் காயையும் கிளிப்பச்சை ஆக்கிவிடும். வியாபாரி நேரில் வந்து பார்த்துவிட்டு, “படத்துல ஒண்ணு, கையில ஒண்ணா இருக்கேண்ணே” என்பார். இதில் அந்தப் பேச்சே எழவில்லை. 8 மில்லிமீட்டர் காயை நெருங்கி எடுத்தால் தோலின் வரி வரைக்கும் தெரியும். சரத்தில், அதாவது காய் பிடிக்கிற கொத்தில், பேன் என்கிற பூச்சி தாக்கிச் சொறி விழுந்திருந்தால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். இந்த விலையில் இப்படி ஒரு கேமரா நான் வேறு பார்க்கவில்லை. இதை மனதாரச் சொல்கிறேன்.

அப்புறம் பேட்டரிக்கு வயசானது. சார்ஜ் இன்னும் மிச்சம் இருப்பதாகக் காட்டும்போதே, மேலே குளிரில் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கையில் பொசுக்கென்று அணைந்துவிடும். பழைய பேட்டரி குளிரில் இப்படிச் செய்வது எல்லாப் போனுக்கும் உள்ளதுதான். கேமரா நிறைய மின்சாரம் இழுக்கும், தளர்ந்த பேட்டரியின் வோல்ட்டேஜ் தாங்காமல் சரியும், போன் அணைந்துவிடும். அதற்காகக் கம்பெனியைத் திட்ட மாட்டேன். அதற்குப் பிறகு நடந்ததற்குத்தான் திட்டுகிறேன்.

ஆன் செய்து கேலரிக்குப் போனால் வீடியோ அங்கே இருக்கும். தொட்டால் அந்த வரி. அதே சமயத்தில் எடுத்த போட்டோக்களில் சிலவற்றுக்குச் சின்னப் படம் மட்டும் பளிச்சென்று தெரியும். தொட்டால் கறுப்பு, மறுபடி அதே வரி. கேலரியில் வரிசையாகத் தெரிகிற சின்னப் படங்கள் தனியாகச் சேமிக்கப்பட்டவை. மூலப் படம் போன பிறகும் அவை இருக்கும். கண்ணுக்கு முன்னால் படம் தெரிகிறபோது அது இல்லை என்று யாரால் நம்ப முடியும்?

சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு, எல்லாவற்றையும் அழித்து ரீசெட் போட்டால் சரியாகும் என்றார்கள். படம் திறக்கவில்லை என்று போனவனிடம் படத்தையே அழிக்கச் சொன்னார்கள். குமுளியில் ஒரு சின்ன ரிப்பேர் கடைப் பையன்தான், நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், “அண்ணே, முதல்ல மெமரி கார்டைக் கழட்டுங்க. இதுக்கு மேல ஒரு போட்டோகூட எடுக்காதீங்க” என்றான். அந்த ஒரு பேச்சால்தான் பாதி பிழைத்தது. அழிந்ததாகத் தோன்றுகிற படம் கார்டிலேயே கிடக்கும். அந்த இடத்தில் புதிதாக வேறொன்று எழுதப்படும்போதுதான் நிஜமாகவே போகும். ‘கார்டைச் சரிசெய்ய ஃபார்மேட் செய்யவும்’ என்று போன் கேட்டால் தொடவே கூடாது. பிளே ஸ்டோரில் படத்தை மீட்டுத் தருகிறோம் என்று வருகிற ஆப்களையும் அந்தப் போனிலேயே இறக்கக் கூடாது.

அதே மாதிரி அணைந்தபோதும் போனின் உள் நினைவகத்தில் இருந்த படங்கள் பெரும்பாலும் தப்பின. கார்டில் இருந்தவைதான் கெட்டன. காரணம் இருக்கிறது. போன் தன் உள்ளே வைத்திருக்கிற கோப்பு முறை (கோப்புகளை அடுக்கி வைக்கும் விதம்), என்ன எழுதப் போகிறோம் என்பதை முதலில் குறித்து வைத்துக்கொண்டுதான் எழுதும், நடுவில் அறுந்தாலும் சுதாரித்துக்கொள்ளும். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற வேறொரு கோப்பு முறையில் வருகின்றன, அதில் அந்தக் குறிப்பு வசதி கிடையாது. எழுதும்போது மின்சாரம் போனால் போனதுதான். அணையும் பழக்கம் வந்துவிட்ட போனில் கேமராவைக் கார்டில் சேமிக்க விடுவது ஆபத்து. அதை அந்தப் போன் எங்கேயும் சொல்லவில்லை.

எனக்கு எரிச்சல் இங்கேதான். திறக்காமல் போவதற்குப் பல காரணம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. இந்தப் போன் எல்லாவற்றுக்கும் ஒரே வரியைக் காட்டுகிறது. ஃபைல் மேனேஜரில் போய் அந்தக் கோப்பின் அளவைப் பாருங்கள். பூஜ்யம் என்று இருந்தால் அந்தக் கோப்புக்குள் ஒன்றும் இல்லை. பெயரை மாற்றியும் வேறு ஆப்பில் திறந்தும் நேரத்தை வீணாக்க வேண்டாம். அளவு சரியாக இருந்து, படத்தின் மேல்பாதி தெரிந்து கீழே சாம்பல் நிறமாக இருந்தால், எழுதும்போது நடுவில் அறுந்திருக்கிறது. தெரிகிற பகுதி நிஜம், மிச்சத்தை எந்த மென்பொருளாலும் உண்டாக்க முடியாது. கார்டையே கம்ப்யூட்டர் படிக்க மறுத்தால் ‘போட்டோரெக்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பெயர், ஃபோல்டர் எதையும் நம்பாமல் கார்டை முழுதும் துழாவிப் படங்களைப் பொறுக்கி எடுக்கும். பழைய பெயர்கள் மட்டும் போய்விடும், எல்லாம் எண்களாக வரும். தேதி படத்துக்குள்ளேயே பதிந்திருப்பதால் பிறகு வரிசைப்படுத்திக்கொள்ளலாம். மீட்டதை அதே கார்டில் சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமியுங்கள்.

வாட்ஸாப்பில் பழைய படம் மங்கலாக, இறக்குகிற குறியோடு நின்றால் அது கெட்டுப்போகவில்லை. முழுப் படம் இப்போது உங்கள் போனில் இல்லை, அவ்வளவுதான். தொட்டும் இறங்காவிட்டால், அனுப்பியவரிடம் மறுபடி அனுப்பச் சொல்வதுதான் வழி.

வீடியோவில் சத்தம் மட்டும் வந்து படம் கறுப்பாக இருந்தால் அது இன்னொரு கதை. வாட்ஸாப் நிறத்தைக் கெடுக்கிறது என்று போடி வியாபாரி ஒருவர், காய் வீடியோவை டாக்குமென்டாக அனுப்பச் சொல்வார். அனுப்பினால் அவருடைய பழைய போனில் சத்தம் மட்டும் வரும். இந்தப் போனின் கேமரா இடத்தை மிச்சம் பிடிக்க ஹெச்.265 என்ற முறையில் சுருக்குகிறது. சாதாரண வீடியோவாக அனுப்பும்போது வாட்ஸாப் அதை மாற்றிச் சுருக்கிவிடும், டாக்குமென்டாகப் போகும்போது எடுத்தபடியே போகும். கேமரா செட்டிங்கில் அந்த உயர் திறன் வீடியோ என்பதை அணைத்தேன், தீர்ந்தது. அவரிடம் விஎல்சி என்ற வீடியோ ஆப்பைப் போட்டுப் பார்க்கவும் சொன்னேன், அதில் பழைய வீடியோவும் ஓடியது. ஐபோனில் எடுத்த படம் பழைய ஆண்ட்ராய்டில் திறக்காமல் இருப்பதும் இதே வகை. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து பெரும்பாலான ஐபோன்கள் ஹெச்.இ.ஐ.சி. என்ற வடிவில் சேமிக்கின்றன. பழைய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றுக்கு அது புரியாது. இவை எதுவும் கெட்ட கோப்புகள் அல்ல. ஆனால் திரையில் வருவது அதே வரி. பயந்துபோய் அழித்துவிடுகிறவர்கள் எத்தனை பேரோ.

எனக்கு நிஜமாகவே வலித்தது ஒரு வீடியோவுக்காக. எங்கள் தோட்டத்தில் பல வருஷம் காய் எடுத்த ஒரு பெரியம்மா, வேலையை விட்டு மகள் வீட்டோடு போவதற்கு முன்னால், பறிக்கத் தயாரான கருங்காய்ப் பருவத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சரத்தை விரலால் தூக்கிப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். எதைப் பறிக்கணும், எதை அடுத்த எடுப்புக்கு விடணும் என்று அவர் சொன்ன மாதிரி எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்தது. கோப்பு இருக்கிறது, அளவும் நூற்றுக்கணக்கான எம்பி. திறக்கவில்லை. விஎல்சியாலும் ஆகவில்லை.

வீடியோ எடுக்கும்போது படமும் ஒலியும் கோப்பில் இறங்கிக்கொண்டே இருக்கும். எது எந்த இடத்தில் இருக்கிறது, எந்த முறையில் சுருக்கியது என்கிற அட்டவணையை, நாம் நிறுத்தும் பட்டனை அழுத்திய பிறகு கடைசியில்தான் போன் எழுதும். எம்பி4 என்ற வீடியோ வடிவில் அதற்கு ‘மூவ்’ என்று பெயர். சார்ஜ் தீர்ந்து முறையாக அணையும்போது பெரும்பாலும் கேமரா இதை முடித்துவிட்டுத்தான் போகும். பொசுக்கென்று அணைந்தால் அட்டவணை எழுதப்படாது. சீட்டு இல்லாத ஏலக்காய் மூட்டை மாதிரி, சரக்கு முழுசாக உள்ளே இருக்கும், யாருடையது எத்தனை கிலோ என்று சொல்ல ஆள் இருக்காது.

இதற்கு ‘அன்ட்ரங்க்’ என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. கம்ப்யூட்டரில்தான் ஓடும். கெட்ட வீடியோவோடு, அதே போனில் அதே தெளிவுத்திறனில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றையும் கொடுக்க வேண்டும். நல்லதைப் பார்த்து, கெட்டதற்கு அட்டவணையைப் புதிதாகக் கட்டும். குமுளிப் பையன் தன் லேப்டாப்பில் போட்டு ஓடவிட்டான். பெரியம்மாவின் கை தெரிந்தது, பிறகு குரல் வந்தது. கடைசிப் பகுதியில் உதடும் ஒலியும் கொஞ்சம் விலகிப் போகிறது, அது பரவாயில்லை. கடை என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

ஒரு வீடியோ பாதியில் அறுந்தது அந்தப் போனுக்குத் தெரியும். மறுபடி ஆன் ஆனதும், ‘இந்த வீடியோ முடியவில்லை, கார்டில் எதையும் எழுதாதீர்கள்’ என்று ஒரு வரி காட்டியிருக்கலாம். நல்ல வீடியோக்கள் எல்லாம் அதனிடமே இருக்கின்றன, அட்டவணையைத் தானே கட்டியும் கொடுத்திருக்கலாம். ஒரு சின்னக் கடைப் பையனால் முடிந்த வேலை. முகத்தை அழகாக்க எத்தனையோ ஃபில்டர் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு இது முடியாதா? அப்டேட் வரும்போதெல்லாம் இதைத்தான் முதலில் தேடுகிறேன். வரவில்லை.

பேட்டரி மாற்றிய பிறகு அணைவது நின்றுவிட்டது, அதோடு கோப்பு கெடுவதும் நின்றது. பையனும் அதைத்தான் சொன்னான்: “போட்டோவுல ஒண்ணும் இல்லண்ணே, கரண்ட்லதான் கோளாறு.” கேமராவை இப்போது உள் நினைவகத்துக்கே மாற்றி, வாரக் கடைசியில் கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வைக்கிறேன். கார்டு போட்டாக வேண்டும் என்றால், முதல் தடவை போடும்போது போன் நினைவகமாகவா, தனியாகவா என்று சில போன்கள் கேட்கும். தனியாக என்றே சொல்லுங்கள். போன் நினைவகமாகச் சேர்த்துவிட்டால் கார்டு பூட்டப்படும், சாவி அந்தப் போனுக்குள் இருக்கும். போனுக்குள் இருக்கிற சர்க்யூட் போர்டு கெட்டுவிட்டால் கார்டை வேறு எதிலும் படிக்க முடியாது. அணக்கரையில் ஒருவருக்கு அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன், எந்தக் கடையாலும் மீட்க முடியவில்லை.

இப்போது இந்த மாடல் விலை இறங்கியிருக்கிறது. பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து வாங்கலாமா என்று போடியில் இருக்கும் மச்சான் கேட்கிறார். மச்சான், கேமரா அருமை, சிக்னல் அருமை, பேட்டரியும் புதிது என்பதால் உங்களுக்கு ரொம்ப நாளைக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் வாங்காதீங்க. கெட்டதைக் கெட்டது என்று சொல்லாத ஒன்றை அக்கா கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நான் இதையேதான் வைத்துக்கொள்ளப் போகிறேன், அது வேறு. இந்தப் பச்சை வேறு எதிலும் கிடைக்காது.

வேறு எதை வாங்கினாலும் சரி, உங்கள் பழைய போனில் திறக்காமல் கிடக்கிற வீடியோக்களை எடுத்து வைக்காமல் அதை எக்ஸ்சேஞ்சில் விட்டுவிடாதீங்க. புதுப் போனுக்கு மாற்றினால் மட்டும் அவை திறந்துவிடாது. கார்டைக் கழற்றி அக்காவிடம் கொடுங்கள். அந்தப் போனிலேயே, எப்போதும் எடுக்கிற அதே செட்டிங்கில், உள் நினைவகத்தில் சேமிக்கிற மாதிரி வைத்து ஒரு நிமிஷம் புதிதாக வீடியோ எடுத்து, அதைத் தனியாக எனக்கு அனுப்புங்கள். வாட்ஸாப்பில் என்றால் டாக்குமென்டாக. மிச்சத்தை நான் குமுளிக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன்.