பூத் ஸ்லிப் எழுதிய கைக்கு ஒரு பரப்புரைச் செயலி

1989 ஜனவரியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு சுவரெழுத்துக்குப் போன நான், வேலை, குடும்பம் என்று ஒதுங்கிவிட்டு, ஓய்வுபெற்ற பிறகு 2024 மக்களவைத் தேர்தலில்தான் மறுபடியும் கட்சிக்காக வீடு வீடாக ஏறி இறங்கினேன். நோட்டீஸ் கட்டை எதிர்பார்த்துப் போன என்னிடம் வட்டப் பொறுப்பாளர் கைபேசியில் ஒரு செயலியை ஏற்றிக்கொள்ளச் சொன்னார். கட்சியின் பெயரும் செயலியைச் செய்தவர்களின் பெயரும் இங்கே வேண்டாம். அறுபதைக் கடந்து இந்த வேலைக்குத் திரும்புகிறவருக்கு அது உதவுமா என்பதே என் பேச்சு.

பெயர் தேடுவதில் அதைக் குறை சொல்ல இடமில்லை. முன்பெல்லாம் வாக்காளர் பட்டியலைத் திண்ணையில் விரித்து, கதவு எண்ணைப் பிடித்துப் பிடித்து பூத் ஸ்லிப் (வாக்காளருக்குக் கொடுக்கும் வாக்குச்சாவடிச் சீட்டு) எழுத இரவு முழுவதும் போகும். இப்போது வாக்காளர் அட்டை எண்ணைத் தட்டினால் பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடி மூன்றும் உடனே வந்துவிடுகின்றன. ஆனால் அது தரும் சீட்டில் சின்னமும் வேட்பாளர் படமும் இருந்தன. கட்சிகள் கொடுக்கும் சீட்டு வெறும் வெள்ளைத் தாளில், சின்னமோ பெயரோ இல்லாமல் இருக்க வேண்டும் என்பது தேர்தல் நடத்தை விதி. இதைப் பழைய ஆட்கள் நாங்கள் சொல்லித்தான் இளைஞர்கள் அறிந்தார்கள். கடைசியில் சீட்டுகளைக் கையாலேயே எழுதினோம்.

எழுத்தின் அளவைப் பெரிதாக்க வழியில்லை. ஏப்ரல் வெயிலில் திரையும் தெரிவதில்லை. இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் ஒத்துப்போக முடியாதது, ஒவ்வொரு வீட்டையும் விட்டு இறங்கியதும் ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்ற மூன்றில் ஒன்றை அழுத்தியாக வேண்டும் என்பதுதான். மோர் கொடுத்து உட்கார வைத்து, நூறு நாள் வேலைக் கூலி வராத கதையை அரை மணி நேரம் சொல்லிவிட்டு, எழும்போது "பார்க்கலாங்க ஐயா" என்ற மூதாட்டியை நான் எந்தப் பொத்தானில் அடைப்பது? அந்தப் "பார்க்கலாங்க" எந்தக் குரலில் வருகிறது என்பதில்தான் எங்கள் காலத்துக் கணக்கே இருந்தது. போதாக்குறைக்கு, வாக்காளர் பட்டியலிலேயே இல்லாத சாதி விவரத்துக்கும் ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். அதை நான் ஒரு வீட்டுக்கும் நிரப்பவில்லை.

ஏப்ரல் 17 மாலை 6 மணிக்குப் பரப்புரை ஓய்ந்தபோது என் கணக்கில் பெரும்பாலான வீடுகள் "நடுநிலை" என்றே நின்றன. பொறுப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, "ஐயா, எல்லா வீட்டுக்கும் போனீங்களா?" என்று கேட்டார். அடுத்த தேர்தலுக்குக் கூப்பிட்டால் செயலியைப் பெயர் தேட மட்டும் வைத்துக்கொண்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்றோடு போவதாக இருக்கிறேன்.