“மூன்று டன் தாங்கும் சார்”: வீட்டில் கார் லிஃப்ட் போட நினைப்பவர்கள் கவனத்துக்கு

பழைய காரை வீட்டிலேயே பிரித்து மாட்டுகிறவர்கள் யாராவது, இரண்டு தூண்களுக்கு நடுவே காரைத் தூக்கி நிறுத்துகிற டூ போஸ்ட் லிஃப்ட் வாங்கும் யோசனையில் இருந்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். என் பணம் போய்விட்டது. வண்டியும் நானும் தப்பித்தோம், அதுவும் கேட்க வேண்டிய ஒரு சத்தம் கேட்கவில்லையே என்று சந்தேகப்பட்டதால்.

என்னிடம் இருப்பது 1968 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார். எஞ்சின் பின்னால் இருக்கும். நான்கு போல்ட்டைக் கழற்றினால் கீழே இறக்கிவிடலாம், ஆனால் அதை வெளியே இழுக்க வண்டியின் பின்பக்கம் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும். இத்தனை வருடம் ட்ராலி ஜாக்கியும் ஸ்டாண்டும் வைத்துத்தான் சமாளித்தேன். இப்போது முதுகு ஒத்துழைக்கவில்லை. விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது, போன் செய்தேன்.

விற்பவர் கேட்டது ஒரே கேள்விதான். “வண்டி என்ன வெயிட் சார்?” எண்ணூறு கிலோ சொச்சம் என்றேன். சிரித்தார். “இது மூன்று டன் தாங்கும் சார், உங்க வண்டி மாதிரி மூணு ஏத்தலாம்.” அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். தரை எவ்வளவு கனம், கரண்ட் சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா, வண்டியின் அடியில் எந்த இடம் இன்னும் கெட்டியாக இருக்கிறது, இதில் எதையும் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கூரை உயரத்தை மட்டும் அளந்து வைத்திருந்தேன், எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான். உடனே பேங்க் டிரான்ஸ்ஃபர் செய்தால் தள்ளுபடி என்றார், செய்தேன். கார்டில் கட்டியிருந்தால் பேங்கில் புகார் கொடுக்கவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

மாட்ட வந்தவர்கள் இரண்டு பேர். தூண்களை நிறுத்தி, அவற்றைத் தரையோடு பிடிக்கிற ஆங்கர் போல்ட்டுக்குத் துளை போட ஆரம்பித்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். முதலில் சாம்பல் நிறத் தூள் வந்தது. கொஞ்ச நேரத்தில் டிரில் சட்டென்று உள்ளே இறங்கியது, தூள் பழுப்பாக மாறியது. மண். அதாவது காங்கிரீட் அங்கேயே முடிந்துவிட்டது. பிற்பாடு கம்பி விட்டு அளந்தேன், 75 மி.மீ. கூட இல்லை. அந்த நிமிடமே நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். “என்னங்க, மண் வருது?” என்று கேட்டதற்கு “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்” என்றார் ஒருவர். நான் வாயை மூடிக்கொண்டேன். வேலை முடிந்ததும் வண்டி ஏற்றாமல், காலி லிஃப்ட்டை ஒரு முறை ஏற்றி இறக்கிக் காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

மேனுவல் மீதி போல்ட் இருந்த பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தது. அன்று இரவுதான் எடுத்துப் படித்தேன். குறைந்தது 100 மி.மீ. கனம், 3000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு அழுத்தம்) தாங்கும் வலுவுள்ள காங்கிரீட், புதிதாகப் போட்டதென்றால் 28 நாள் ஆறவிட வேண்டும், விரிசலுக்கும் ஓரத்துக்கும் பக்கத்தில் துளை போடக் கூடாது என்று தெளிவாகவே இருந்தது. டூ போஸ்ட் லிஃப்ட்டுக்குப் பொதுவாகக் கேட்கிற கணக்குதான் இது, சிலர் 150 மி.மீ. கூடக் கேட்பார்கள். காரணமும் எளிமையானது. வண்டியின் பாரம் தூணுக்கு நேர் கீழே இறங்குவதில்லை, உள்பக்கம் நீட்டிய கைகளின் நுனியில் தொங்குகிறது. அதனால் தூண் எப்போதும் உள்ளே சாயப் பார்க்கும், வெளிப்பக்க போல்ட்டுகள் தரையிலிருந்து பிடுங்கிக்கொள்ளப் பார்க்கும். அவற்றைப் பிடித்து வைத்திருப்பது காங்கிரீட் மட்டும்தான்.

இவ்வளவும் படித்துவிட்டும் மறுநாள் வண்டியை ஏற்றினேன். திட்ட வேண்டுமானால் திட்டுங்கள். முழங்கால் உயரம் மட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஏற்றும்போது ஒவ்வொரு தூணிலும், வண்டி கீழே இறங்காமல் தடுக்கிற லாக் ‘டக், டக்’ என்று விழுந்துகொண்டே வர வேண்டும். தேவையான உயரம் வந்ததும் கொஞ்சம் இறக்கி, பாரத்தை அந்த லாக்கின் மேல் உட்கார வைக்க வேண்டும். ஹைட்ராலிக்கை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது, எண்ணெய் கசியாமல் தடுக்கிற ஒரு சீல் போனாலும் போதும், வண்டி இறங்கிவிடும். எனக்கு ‘டக்’ வலது பக்கம் மட்டும் கேட்டது. மோட்டார் சத்தத்தில் இடது பக்கம் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். ஆனாலும் மனசு ஒப்பவில்லை, தள்ளி நின்றபடியே இறக்கிப் பார்த்தேன். வலது பக்கம் லாக்கில் உட்கார்ந்தது. இடது பக்கம் நாலு விரல் அளவு இறங்கி, இரண்டு பக்கத்தையும் சமமாக வைக்கிற கேபிள் இழுத்துப் பிடித்ததும் நின்றது. கார் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றதைப் பார்த்ததும் கால் நடுங்கிவிட்டது. மெதுவாக மேலே ஏற்றி, லாக்கை விடுவித்து, தரைக்கு இறக்கினேன். கவரைக் கழற்றிப் பார்த்தால், இடது பக்க லாக்கை விடுவிக்கிற கேபிளை விறைப்பாகக் கட்டியிருந்தார்கள். லாக் விழவே வழியில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இடது தூணின் அடித்தகட்டுக்குக் கீழே, வெளிப்பக்கமாக, ஒரு நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி. முந்தின நாள் அது கிடையாது.

விற்பவரை அழைத்தேன். தரை வாங்குகிறவர் பொறுப்பு என்றார். உங்கள் ஆள்தானே துளை போட்டார் என்றேன். “வேணும்னா நீளமான போல்ட் அனுப்பறோம் சார்.” நீளமான போல்ட், மண்ணுக்குள்! மாட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று பில்லின் பின்பக்கத்தில் போட்டிருக்கிறதாம். தரச் சான்றிதழ் என்று அவர் அனுப்பியிருந்த தாளை அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். அதிலிருந்த மாடல் எண் வேறு, என் தூணில் ஒட்டியிருந்த எண் வேறு. அமெரிக்காவில் ஏ.எல்.ஐ. என்கிற ஆட்டோமோட்டிவ் லிஃப்ட் இன்ஸ்டிடியூட் சான்று கொடுத்த மாடல்களின் பட்டியல் இணையத்திலேயே இருக்கிறது. ஐரோப்பாவில் இதற்கான தரநிலை ஈ.என். 1493. எந்த ஊர்ச் சான்றாக இருந்தாலும் தாளில் இருக்கிற மாடல் எண்ணும் தூணில் இருக்கிற எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். நான் முத்திரையை மட்டும் பார்த்தேன்.

எடைக் கணக்கை மட்டும் வைத்து வாங்கியதுதான் என் தப்பு. இந்த மாதிரிச் சின்னப் பழைய கார் லிஃப்ட்டுக்குப் பாரமே இல்லை. லிஃப்ட் காரை எங்கே தொடுகிறது என்பதுதான் விஷயம். பீட்டிலில் கதவுக்குக் கீழே ஓடுகிற ஹீட்டர் சேனல்தான் துரு முதலில் பிடிக்கிற இடம், லிஃப்ட்டின் கை போய் உட்காருவதும் அதை ஒட்டித்தான். ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் கதவைத் திறந்து சாத்திப் பாருங்கள், இடிக்கிறது என்றால் பாடி வளைகிறது. எஞ்சினை இறக்கினால் பாரம் முன்பக்கம் போய்விடும் என்பதையும் யோசிக்க வேண்டும், முன்னால் உயர ஸ்டாண்டு முட்டுக்கொடுக்காமல் எஞ்சின் நட்டில் கை வைக்கக் கூடாது.

ஃபோர் போஸ்ட்டில் இந்தத் தரைத் தொல்லை குறைவு, பாரம் நாலு காலிலும் நேராக இறங்கும், சக்கரம் பலகையில் நிற்பதால் துருப்பிடித்த அடிப்பாகத்துக்கும் வலி இல்லை. ஆனால் பிரேக் வேலைக்குச் சக்கரத்தைத் தூக்க, பலகைகளுக்கு நடுவில் தனி ஜாக்கி வேண்டும், இடமும் அடைக்கும். கத்தரிக்கோல் மாதிரி விரிந்து தூக்குகிற சிசர் லிஃப்ட் வண்டியின் நடுவயிற்றை மறைத்துவிடும். ஆயில் மாற்ற மட்டும் என்றால் ஏற்றி நிறுத்துகிற ராம்ப் போதும், வழவழத் தரையில் பிளாஸ்டிக் ராம்ப் சறுக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எது வாங்குவதானாலும் மேனுவலை முதலில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

லிஃப்ட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். எஞ்சினைப் பழையபடி ஜாக்கி, ஸ்டாண்டு வைத்தே இறக்கினேன். போன வாரம் அதே விளம்பரம் மறுபடி வந்தது. அதே படம், அதே தூண். இப்போது நாலு டன் தாங்குமாம்.