பெரிய டயர், புது கிரவுன், பொய் மைலேஜ்: பிக்கப் வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

ஒரே கடையில் இரண்டு முறை ஏமாந்தேன். முதல் முறையாவது கோபம் வந்தது. இரண்டாவது முறை, ஏமாந்ததே தெரியாமல் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். டயரையோ கியரையோ மாற்றும் யோசனையில் இருப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது பின்சக்கரம் இழுக்கும் பெட்ரோல் பிக்கப். நாலு கியர் ஆட்டோமேட்டிக், பின் ஆக்சிலில் 3.73 கிரவுன் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்ற வேண்டிய பல்சக்கர செட்), கம்பெனி டயர் 245/70 ஆர்16. டேங்க் நிரப்பும்போதெல்லாம் நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 10.8 கிலோமீட்டர், கொஞ்சம் முன்னே பின்னே.

டயர் தேய்ந்ததும் அதே அளவில் நாலு வாங்கத்தான் போனேன். கடைக்காரர் 265/75 ஆர்16 சேற்று டயரைக் காட்டினார். "சார், டயர் பெரிசானா ஒரு சுத்துக்கு வண்டி கூடுதல் தூரம் போகும். இன்ஜின் கம்மியா சுத்தும். அப்போ மைலேஜ் ஏறத்தானே செய்யும்?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பெரிய பட்டனும் (டயர் மேலே துருத்தி நிற்கும் கட்டிகள்) உயரமும் பார்க்க எடுப்பாகவும் இருந்தன, ஒத்துக்கொள்கிறேன். "ஸ்பீடோமீட்டர் கேலிபரேஷன் சேர்த்து" என்று, அதாவது புது டயருக்கு ஏற்ப மீட்டரைத் திருத்துவதற்கு, பில்லில் தனி வரி போட்டார்கள். பழைய டயர்களையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

அவர் சொன்னது முழுப் பொய் இல்லை, அதுதான் சிக்கல். பழைய டயரின் விட்டம் சுமார் 749 மில்லிமீட்டர், புதியதன் விட்டம் 804. அதாவது 7.3 சதவீதம் கூடுதல். 3.73 கிரவுன் 3.48 போல வேலை செய்ய ஆரம்பிக்கும். 0.70 ஓவர்டிரைவ் (இன்ஜின் 0.70 சுற்று சுற்றினாலே ஷாஃப்ட் ஒரு முழுச் சுற்று சுற்றும் கடைசி கியர்) உள்ள கியர்பாக்ஸில் 90 கிலோமீட்டர் வேகத்துக்கு முன்பு சுமார் 1,660 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்று) தேவை, இப்போது 1,550 போதும். காலியான வண்டி, சமமான சாலை, கீழ்ச் சுற்றிலேயே நல்ல இழுவை தரும் இன்ஜின் என்று எல்லாம் கூடி வந்தால் கொஞ்சம் லாபம் கிடைக்கவே செய்யும்.

ஆனால் டயர் உயரத்தோடு மட்டும் வருவதில்லை. வீட்டில் எடை போட்டுப் பார்த்தேன், ரிம் இல்லாமல் ஒவ்வொன்றும் பழையதைவிட 8 கிலோ அதிகம். நின்று நின்று ஓடும் சாலையில் அந்த எடையை ஒவ்வொரு முறையும் சுழற்றி எழுப்ப வேண்டும், அதுவும் பெரிய வட்டத்தில். நெடுஞ்சாலையில் எடை அவ்வளவு பேசாது, அங்கே பட்டன் பேசும். சேற்று டயரின் கட்டிகள் உருளும்போது மடங்கி மடங்கி நிமிர்கின்றன, அதில் கணிசமான சக்தி சூடாகப் போய்விடுகிறது. அகலமும் உயரமும் கூடியதால் காற்றின் எதிர்ப்பும் கூடுகிறது. பாதி லோடு ஏற்றி லேசான மேட்டில் போனால்கூட கியர்பாக்ஸ் ஓவர்டிரைவைத் தாங்க முடியாமல் மூன்றாவதுக்கு இறங்கியது. மூன்றாவதில் அதே 90-க்கு 2,215 ஆர்.பி.எம். மிச்சம் பிடித்தது 110 சுற்று, செலவழித்தது அறுநூற்றுக்கு மேல்! பிக்கப் வண்டியில் பிக்கப்பே இல்லாமல் போயிற்று.

மூன்று டேங்க் ஓட்டிப் பார்த்தேன். நோட்டில் வந்தது 9.1.

கோபமாகத் திரும்பிப் போனேன். கடைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "டயருக்கு ஏத்த கியர் இல்ல சார், அதான். 4.10 கிரவுன் செட் போட்டா சரியாயிடும்." இதிலும் பாதி உண்மை உண்டு. 3.73-ஐ 7.3 சதவீதம் கூட்டினால் 4.00 வருகிறது. கடையில் கிடைக்கும் செட்டுகளில் அதற்குப் பக்கத்தில் இருப்பது 4.10 தான். சரி என்றேன். ஷாஃப்ட் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 10 பல், அது சுற்றும் பெரிய கிரவுனில் 41 பல். மாட்டி முடித்து, "இப்போ ஓட்டிப் பாருங்க" என்று சாவியைக் கொடுத்தார்கள்.

நோட்டில் 10.1 வந்தது. மைலேஜ் கிட்டத்தட்ட 11 சதவீதம் ஏறிவிட்டது! போன் செய்து நன்றி சொன்னேன்.

ஏமாற்று இங்கேதான் இருந்தது. என் வண்டியில் வேகத்தை அளக்கும் சென்சார் கியர்பாக்ஸின் பின் முனையில் இருக்கிறது. ஷாஃப்ட் இத்தனை சுற்றினால் இத்தனை மீட்டர் என்று ஒரு கணக்கு கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு 749 மில்லிமீட்டர் டயருக்கும் 3.73 கிரவுனுக்கும் உரியது. பில்லில் இருந்த கேலிபரேஷனை யாரும் செய்யவே இல்லை. பெரிய டயர் மட்டும் இருந்தபோது வண்டி 107 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 100 என்றது. 4.10 மாட்டிய பிறகு ஷாஃப்ட் அதிகம் சுற்றுவதால் தலைகீழாகி, 97.6 ஓடினாலே 100 என்று காட்டியது. (சில வண்டிகளில் சென்சார் சக்கரத்திலேயே இருக்கும். அவற்றில் கிரவுன் மாற்றினால் மீட்டர் மாறாது, டயர் மாற்றினால் மட்டும் மாறும்.)

என் நோட்டைத் திருத்தி எழுதினேன். டயர் மாற்றிய பிறகு உண்மையான மைலேஜ் 9.1 இல்லை, 9.76. கிரவுன் மாற்றிய பிறகு 10.1 இல்லை, 9.86. ஆக அந்தப் பெரிய வேலையில் உண்மையாகக் கூடியது ஒரே ஒரு சதவீதம். அதுகூட கிரவுன் செய்த வேலைதானா என்பது எனக்குச் சந்தேகம். நான் எப்போதும் முள்ளை 90-இல் நிறுத்தி ஓட்டுபவன். பெரிய டயர் மட்டும் இருந்தபோது அந்த 90 உண்மையில் 96.6. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது, ஆகவே எனக்கே தெரியாமல் 15 சதவீதம் கூடுதல் எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். வேகக் கட்டுப்பாடு உள்ள இடத்தில் மாட்டாதது என் அதிர்ஷ்டம். கிரவுன் மாற்றியதும் அதே 90 உண்மையில் 88 ஆகிவிட்டது. மெதுவாகப் போனதற்கே அந்த ஒரு சதவீதம் வந்திருக்கலாம்.

இதையெல்லாம் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. நண்பனை ஒருநாள் ஏற்றிக்கொண்டு போனபோது அவன் போனில் ஜி.பி.எஸ். ஓடிக்கொண்டிருந்தது. "மாப்ள, உன் மீட்டர் உளறுதுடா" என்றான். அன்றே 50 கிலோமீட்டர் நேர்சாலையில் இரண்டையும் ஒப்பிட்டோம். மறுநாள் பின் ஆக்சிலை முட்டுக்கொடுத்துத் தூக்கி, சக்கரத்திலும் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றினோம். ஷாஃப்ட் நாலு சுற்றும் இன்னும் ஒரு துளியும் சுற்றியது. ஆகவே 4.10 மாட்டியது நிஜம். அந்த ஒன்றிலாவது பொய் சொல்லவில்லை.

மாட்டிய விதம்தான் வேறு கதை. கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் நடுவே இருக்கும் சிறு இடைவெளியை டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். பல்லில் மை தடவிச் சுற்றி, எந்த இடத்தில் பதிகிறது என்று பார்க்க வேண்டும். பேரிங்குக்குச் சரியான இறுக்கம் கொடுக்க வேண்டும். ஆர அமரச் செய்தால் ஒரு நாள் போகும். எனக்கு மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். புதுப் பல் பழகும்வரை முதல் 800 கிலோமீட்டருக்கு லோடு ஏற்றாதே, பிறகு கியர் ஆயிலை மாற்று என்று யாரும் சொல்லவில்லை. நான் இரண்டாம் நாளே லோடு ஏற்றினேன். இப்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னாலிருந்து ஓர் ஊளை. "புது கியர் அப்படித்தான் சார், போகப் போகச் சரியாயிடும்" என்கிறார்கள். பல் பதிவு தப்பான கியர் போகப் போகச் சரியாவதில்லை, சத்தம்தான் ஏறுகிறது.

உங்கள் வண்டி நாலு சக்கரமும் இழுக்கும் வகையாக இருந்து, "முன்னால மாத்த வேண்டாம், நீங்க எப்பவாவதுதானே போடுவீங்க" என்று யாராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். முன்னும் பின்னும் வேறு வேறு விகிதம் இருக்கும்போது நாலு சக்கர இழுவையைப் போட்டால், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்காது.

டயர் பிடித்திருந்தால் போடுங்கள், தடுக்கவில்லை. சேற்றில் ஓடுபவருக்கு அது தேவைதான். ஆனால் மைலேஜுக்காக என்று யாராவது விற்றால், முதலில் இப்போதைய டயரோடு ஒரு டேங்க் ஜி.பி.எஸ். தூரத்தை வைத்துக் கணக்கெடுங்கள், மாற்றிய பிறகும் அதே சாலையில், அதே உண்மை வேகத்தில் எடுங்கள். காற்றும் பாருங்கள், கனமான லோடு டயருக்குப் பழைய அழுத்தம் பெரும்பாலும் போதாது. கேலிபரேஷன் செய்தேன் என்றால் உங்கள் கண்முன்னே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய டயரையும் கிரவுன் செட்டையும் கையோடு வாங்கி வாருங்கள். அதை விட்டதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

வேறு ஒரு இடத்தில் மீட்டரைச் சரிசெய்துவிட்டேன், இப்போது உண்மையைக் காட்டுகிறது: 9.9. பழைய அளவு டயருக்குத் திரும்பலாம் என்றால் 4.10 குறுக்கே நிற்கிறது. சின்ன டயரோடு அது 90-க்கு 1,830 ஆர்.பி.எம். கேட்கும், கம்பெனியிலிருந்து வந்ததைவிட 10 சதவீதம் அதிகம். பழைய 3.73 செட்டைத் திருப்பிக் கேட்டுப் போன வாரம் கடைக்குப் போனேன். அது அன்றைக்கே வேறொரு வண்டிக்குப் போய்விட்டதாம். மைலேஜ் கூடும் என்று சொல்லி மாட்டிவிட்டார்களாம்.