ஆன்மாவைக் காட்டும் மீட்டர்: விளக்கு எரியத்தான் எரிகிறது

ஆவி, ஆன்மா நடமாட்டத்தைக் காட்டும் என்று விற்கப்படும் ஐந்து விளக்கு ஈ.எம்.எஃப். மீட்டர் (மின்காந்தப்புலத்தை உணரும் கருவி) வெறும் பொம்மை இல்லை. உள்ளே ஒரு செப்புக் கம்பிச் சுருள், ஆம்ப்ளிஃபயர், 9 வோல்ட் பேட்டரி. காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் உண்டாகும். ஃபாரடே 1831-இல் கண்ட அதே தூண்டல்தான். ஓடும் ஹேர் டிரையர் பக்கத்தில் கொண்டுபோனால் சட்டென்று சிவப்பு எரியும், தள்ளி வைத்தால் அணையும். அதுவரை யோக்கியமான கருவி.

சிக்கல் எங்கே என்றால், சுருள் ஒன்றே ஒன்று, அது ஒரு திசையில் மட்டுமே புலத்தை உணரும். ஒரே இடத்தில் நிமிர்த்திப் பிடித்தால் பச்சை, படுக்க வைத்தால் மஞ்சள். சில மாடல்களில் பொத்தானை விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பிடி தளர்ந்தால் விளக்கு சிமிட்டும். இருட்டறையில் "ஆமாம் என்றால் ஒரு தடவை சிமிட்டு" என்று கேட்பவருக்கு அந்தக் கட்டைவிரலே பதில் சொல்லிவிடும்!

சரியாகச் சோதிக்க: செல்போனை அணையுங்கள். மெயின் சுவிட்சை இறக்குங்கள். மீட்டரைக் கையில் பிடிக்காமல் மேசைமேல் வைத்து, பொத்தானை டேப்பால் ஒட்டி, மூன்று திசையிலும் திருப்பிப் பாருங்கள். அப்போதும் எரிந்தால் அடுத்த வீட்டு ஒயரிங்கையோ, தரைக்கடியில் போகும் கேபிளையோ தேடுங்கள்.

பெரிய குறை அட்டைப்பெட்டி வாசகத்தில் இருக்கிறது. எரிந்தால் ஆன்மா வந்துவிட்டது, எரியாவிட்டால் இன்னும் வரவில்லையாம். எது நடந்தாலும் தோற்காத கூற்றைச் சோதிக்கவே முடியாது. ஆன்மாவுக்கு எடை உண்டா என்று பார்க்க, அமெரிக்க மருத்துவர் டங்கன் மெக்டூகல் இறக்கும் நோயாளிகளை எடைபோட்டு 1907-இல் வெளியிட்ட கணக்கு வேறு ரகம்: எண் சொன்னதால் குறுக்கு விசாரணை செய்ய முடிந்தது. ஆறே பேர், அவர்களில் இருவரின் அளவீடுகளை அவரே ஒதுக்கினார். ஆன்மாவின் எடை என்று பிரபலமான 21 கிராம் ஒரே ஒருவருடையது. தேறவில்லை, ஆனால் தோற்கிற வாய்ப்பாவது இருந்தது.

ஆன்மாவுக்கு எடையும் உருவமும் இல்லை என்று நம்புகிறவருக்கும் இயற்பியலுக்கும் இந்த மீட்டரில் சண்டையே இல்லை, அளக்க எதுவும் இல்லையே. அது காந்தப்புலத்தை அசைக்கும் என்றால் மட்டும், எத்தனை மில்லிகாஸ் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு), எந்த அதிர்வெண்ணில் என்று முதலிலேயே சொல்லியாக வேண்டும்.

சுவருக்குள் ஓடும் ஒயரைத் தேடத்தான் வாங்குகிறீர்களா? மூன்று அச்சிலும் அளந்து எண்ணாகக் காட்டும் மாடலாகப் பாருங்கள். உபயோகிக்காத நாட்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், ஒழுகினால் முனைகள் அரித்துவிடும்.