பித்தளை என்று விற்கப்படும் சேணப் பக்கிள்கள்: சேலத்தில் வாங்குவோர் கவனத்திற்கு

ஏற்காட்டில் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்களும், சேலம் சுற்றுவட்டாரத்தில் குதிரை வண்டி ஓட்டுபவர்களும் இதை முழுமையாகப் படிக்க வேண்டுகிறேன். சேலத்தில் ஒரு கடையில், முழுப் பித்தளை என்று உறுதி கூறி எனக்கு விற்கப்பட்ட வயிற்றுப் பட்டைப் பக்கிள், ஒரு மழைக்காலம் முடிவதற்குள், சிறுமி ஒருத்தி குதிரைமேல் அமர்ந்திருந்தபோதே இரண்டாக உடைந்துவிட்டது. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு உடன் நடந்த என் தம்பி, சேணம் சரிந்த உடனே குழந்தையைத் தாங்கிக்கொண்டதால் பெரிய விபரீதம் நேரவில்லை.

வெளியே பொன்னிறமாகப் பளபளத்த அந்தப் பக்கிள், முறிந்த இடத்தில் நொய்யரிசியைப் போலப் பொடிப்பொடியாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. முள் மாட்டியிருக்கும் நடுக்கம்பியின் அடியில் முலாம் கொப்புளித்து, வெள்ளையாகப் பூத்திருந்தது. துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து, மேலே பித்தளை நிறத்தில் முலாம் பூசிய பொருள் அது. குதிரையின் வியர்வையில் உப்பு அதிகம் என்பதால், முலாம் ஓரிடத்தில் தேய்ந்தாலே அரிப்பு உள்ளே இறங்கிவிடும். நல்ல பித்தளையாக இருந்தால், பாரம் மிஞ்சும்போது பெரும்பாலும் முதலில் வளையும். நாமும் பார்த்து மாற்றிவிடலாம். இதுவோ எந்த அறிகுறியும் காட்டாமல் பட்டென்று முறிகிறது. அதிலும் சேர்வராயன் மலைச் சரிவுகளில், இறக்கத்தின்போது கழுத்துப் பக்கம் நகரும் சேணத்தை வால் பட்டையும், ஏற்றத்தில் பின்வாங்கும் சேணத்தை மார்புப் பட்டையும் இழுத்துப் பிடிப்பதால், அந்தப் பட்டைகளின் பக்கிள்கள் சமவெளியில் தாங்குவதைவிடக் கூடுதலான பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது.

கடைக்காரர், விற்றபோது காட்டிய அதே காந்தத்தை மறுபடியும் எடுத்தார். "பாருங்கண்ணா, ஒட்டல பாருங்க. பித்தளைதான். குதிரை முரண்டு பிடிச்சு இழுத்திருக்கும்" என்றார். காந்தம் இரும்பைத்தான் காட்டிக்கொடுக்கும். துத்தநாகத்திலும் அது ஒட்டாது. இதை அறிந்தே அவர் காந்தத்தை முன்வைக்கிறார் என்பது என் உறுதியான எண்ணம்.

வாங்கும்முன் பக்கிளின் அடிப்பக்கத்தில் சிறு அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை. சாம்பல் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பித்தளை ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 8.5 கிராம் இருக்கும். துத்தநாக வார்ப்பு 6.7 கிராம் அளவே இருப்பதால், ஒரே அளவுள்ள இரண்டைக் கையில் வைத்தால் வேறுபாடு தெரியும்.

எனக்குக் கொடுத்த பில்லில் "பக்கிள் செட்" என்று மட்டுமே எழுதியிருந்தது. பணத்தைத் திருப்பித் தர மறுக்க அவருக்கு அதுவே வசதியாகிவிட்டது. ஆகவே "முழுப் பித்தளை" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. நான் உடைந்த துண்டுகளோடு புகார் அளிக்கவிருக்கிறேன். இதே போன்ற செட் வாங்கியவர்கள், அடுத்த சவாரிக்குச் சேணம் பூட்டும்முன் வயிற்றுப் பட்டை, வால் பட்டைப் பக்கிள்களைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.