கார் ஆடியோவில் ஆம்ப்பும் ஸ்பீக்கரும்: என் ஸ்விஃப்டில் நான்கு ஆண்டுகள்

மதுரைக்கும் திருச்சிக்கும் இடையே வாரம் ஒருமுறையாவது போய்வரும் என் ஸ்விஃப்டில் இப்போதுள்ள ஆடியோ அமைப்பைப் பொருத்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. 55,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பிறகும் ஒரு ஸ்பீக்கர்கூடப் பழுதாகவில்லை. இதற்கு முன் வைத்திருந்த அமைப்பு ஓர் ஆண்டுகூடத் தாங்கவில்லை. இரண்டுக்கும் ஆன செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. பொருத்தத்தில்தான் வித்தியாசம் இருந்தது.

முதல் அமைப்பில் முன்கதவுகளுக்கு 75 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் அளவு) தாங்கும் ஆறரை அங்குல காம்போனென்ட் ஸ்பீக்கர்களை, அதாவது உயர் ஒலிக்கான சிறிய ட்வீட்டர் தனியாக வரும் வகையை, வாங்கி, ஆம்ப் (ஒலிபெருக்கிக் கருவி) இல்லாமல் நேராக டாஷ்போர்டில் உள்ள ஹெட் யூனிட் எனும் பிளேயரிலேயே இணைத்திருந்தேன். ஹெட் யூனிட்டின் அட்டைப்பெட்டியில் 50 வாட் வீதம் நான்கு சேனல் என்று அச்சிட்டிருந்தார்கள். அது உச்ச அளவு. அத்தகைய ஹெட் யூனிட்கள் தொடர்ந்து சுத்தமாகத் தருவது சுமார் 20 வாட் மட்டுமே. நெடுஞ்சாலை இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும் என்று ஒலியைக் கூட்டிக் கூட்டி வைத்ததில், எட்டாவது மாதம் இடதுபக்க ட்வீட்டர் அடங்கிவிட்டது. கழற்றியபோது வார்னிஷ் கருகிய வாடை வந்தது. ஸ்பீக்கரின் சக்தி போதவில்லை, இன்னும் பெரியதாகப் போடுங்கள் என்று கடையில் சொன்னார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. குறைந்த வாட் எந்த ஸ்பீக்கரையும் கெடுப்பதில்லை. ஆனால் தன் எல்லையைத் தாண்டி ஓட்டப்படும் ஆம்ப், ஒலி அலையின் உச்சியை வெட்டிச் சதுரமாக்கிவிடுகிறது. அப்படி வெட்டுப்பட்ட அலையில் உயர் அதிர்வெண்களின் பங்கு கூடிவிடுவதால், சில வாட்டுகளே தாங்கக்கூடிய ட்வீட்டரின் மெல்லிய சுருள் முதலில் எரிகிறது.

ஆகவே இரண்டாம் முறை எண்களிலிருந்து தொடங்கினேன். 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், ஒரு விழுக்காட்டுக்கு மிகாத சிதைவோடு எத்தனை வாட் என்று குறிப்பிட்டிருந்த ஆம்ப்களை மட்டுமே பார்த்தேன். 'மேக்ஸ்' என்று மட்டும் போட்டிருந்தவற்றை ஒதுக்கிவிட்டேன். ஸ்பீக்கரில் வாட்டைவிட உணர்திறனுக்கே, அதாவது ஒரே வாட்டில் எவ்வளவு ஒலி தருகிறது என்பதற்கே, முதலிடம் கொடுத்தேன். 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்துப் பெறும் ஒலியை 90 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்டிலேயே தந்துவிடும் என்பதால், அந்த 3 டெசிபல் வித்தியாசம் ஆம்ப்பின் விலையையே பாதியாக்கக்கூடியது.

இப்போது இருப்பது நான்கு சேனல் கிளாஸ் டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஆம்ப். முன் இரு சேனல்கள் தலா 75 வாட்டை 90 டெசிபல் காம்போனென்ட்களுக்குத் தருகின்றன. பின் இரு சேனல்களையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாக இணைத்து, 220 வாட்டாக்கி, மூடிய பெட்டியில் உள்ள பத்து அங்குல சப்வூஃபருக்கு (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) கொடுத்திருக்கிறேன். தொடக்கத்தில் இதிலும் ஒரு தவறு நேர்ந்தது. பொருத்தியவர் இரட்டைச் சுருள் சப்வூஃபர் ஒன்றை வைத்து, இரண்டு 4 ஓம் சுருள்களையும் பக்க இணைப்பில் சேர்த்துவிட்டார். அது 2 ஓம் ஆகிறது. ஓம் குறையக் குறைய ஆம்ப்புக்குச் சுமை கூடும். பிரிட்ஜ் செய்த ஆம்ப்பில் ஒவ்வொரு சேனலும் அதில் பாதியை, அதாவது 1 ஓமை, சுமக்க நேர்கிறது. மே மாத வெயிலில் வழியிலுள்ள துவரங்குறிச்சியை எட்டுவதற்குள் ஆம்ப்பில் சிவப்பு விளக்கு எரிந்து, ஒலி முழுவதும் நின்றுவிட்டது. ஒற்றைச் சுருள் 4 ஓம் சப்வூஃபருக்கு மாற்றிய பின் அந்த விளக்கை நான் பார்க்கவே இல்லை.

ஆம்ப்பில் உள்ள கெயின் குமிழைப் பலரும் ஒலியளவுக் குமிழாகவே நினைக்கிறார்கள். ஹெட் யூனிட் தரும் சிக்னலை ஆம்ப்பின் எல்லையோடு பொருத்துவது மட்டுமே அதன் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு, ஈக்வலைசரையும் பாஸ் பூஸ்டையும் அணைத்து, ஹெட் யூனிட்டின் ஒலியளவை 40-க்கு 30-இல் நிறுத்தி, மல்டிமீட்டரால் நானே அளந்தேன். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் தேவையான வோல்ட் கிடைக்கும். 75 வாட்டுக்கு 17.3 வோல்ட், சப்வூஃபரின் 220 வாட்டுக்கு 29.7 வோல்ட். சப்வூஃபருக்கு 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டேன். மலிவான மல்டிமீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டுவதில்லை என்பதால், முன் சேனல்களுக்கு வழக்கமான 1,000 ஹெர்ட்ஸை விடுத்து 200 ஹெர்ட்ஸை எடுத்துக்கொண்டேன். குமிழ் நான் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக, கால்பங்குச் சுற்றிலேயே நின்றது. கடையில் அதை முக்கால் சுற்றுக்குத் திருகி வைத்திருந்தார்கள்.

மின்சாரம் போதவில்லை என்றால் இந்தக் கணக்கெல்லாம் வீண். முழு வீச்சில் இந்த ஆம்ப் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். முதலில் போட்டிருந்த, செம்பு பூசிய அலுமினிய வயரில் பாஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கியது. முழுச் செம்பில் 4 கேஜ் தடிமனுள்ள வயர் போட்டு, பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் வைத்து, பாடி எர்த் (நெகடிவ் வயர் காரின் உடலோடு சேரும்) இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டுப் போல்ட் இறுக்கியதும் அது நின்றது.

ஒலியைச் சோதிக்க நான் மிருதங்கத்தையே நம்புகிறேன். தொடக்கத்தில் வலந்தலை (வலப்பக்கம்) டாஷ்போர்டிலிருந்தும் தொப்பியின் (இடப்பக்கம்) கும்கி எனும் தாழ்ந்த நாதம் டிக்கியிலிருந்துமாக, ஒரே வாத்தியம் இரண்டாகப் பிரிந்து கேட்டது. அதற்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்கும் மேலுள்ளது முன் ஸ்பீக்கர்களுக்கும் போகும்படி எல்லையை 80 ஹெர்ட்ஸில் வைத்து, சப்வூஃபரின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் பார்த்தேன். தொப்பி முன்னால் வந்து சேர்ந்துகொண்டது. கதவுகளுக்குள் அதிர்வை அடக்கும் பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டியதில் கிடைத்த தெளிவு, ஆம்ப்புக்குக் கொடுத்த பணத்தில் கிடைத்ததைவிடக் கூடுதல் என்றே சொல்வேன்.

குறைகளும் உண்டு. இரண்டாம் ஆண்டு ஐப்பசி மழையில் வலக்கதவுக்குள் நீர் இறங்கி ஸ்பீக்கர் முனைகளில் துரு ஏறியது. சுத்தம் செய்து, மேலே ஒரு பிளாஸ்டிக் மறைப்பு வைக்க வேண்டியதாயிற்று. ஓட்டுநர் இருக்கையில் வலப்பக்க ஒலி முந்தி வருவதை டிஎஸ்பி (ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலியையும் தாமதப்படுத்தக்கூடிய டிஜிட்டல் கருவி) இல்லாமல் சரிசெய்ய முடியாது. அடுத்த செலவு அதற்குத்தான். சென்ற மாதம் முன் சேனல்களை மீண்டும் அளந்தபோது மல்டிமீட்டர் 17.1 வோல்ட் காட்டியது; குமிழைத் தொடாமல் மூடியைப் போட்டுவிட்டேன்.